எண்ணிலிருந்து ஆளுக்கு: சோவியத் போர் விருதுகளை ஆராயும் முறை

சோவியத் ஒன்றியத்தின் சிவப்பு நட்சத்திர விருதைத் திருப்பிப் பார்த்தால், மங்கிய வெள்ளிப் பரப்பின் நடுவே சட்டைத் துணியில் துளையிட்டுப் பொருத்துவதற்கான திருகு ஒன்றும், நாணயச் சாலையின் முத்திரையும், ஒரு தொடர் எண்ணும் இருக்கும். அதைப் பெற்றவரின் பெயர் எங்கும் இருக்காது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு வழங்கிய பதக்கங்களின் விளிம்பில், இந்தியச் சிப்பாய்கள் பெற்றவை உட்பட, வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருந்ததால், பூதக்கண்ணாடி ஒன்று இருந்தாலே அது யாருடையது என்று சொல்லிவிடலாம். சோவியத் அரசு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. உலோகத்தில் எண்ணை மட்டும் பொறித்தது. அந்த எண் யாரிடம் போனது என்பதைக் காகிதத்தில் எழுதிவைத்தது. ஆகவே இவ்விருதுகளைச் சேகரிப்பவர் கையில் இருப்பது பாதிப் பொருள்தான். மறுபாதி மாஸ்கோவுக்குத் தெற்கே பொதோல்ஸ்க் நகரில் உள்ள ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில், பழுப்பேறிய தாளாகவும் அட்டையாகவும் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைப்பது எப்படி, இணைத்த பிறகு அந்தத் தாள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1918 செப்டம்பரில் செங்கொடி விருது நிறுவப்பட்டது. அதன் முதல் விருதாளர் வசீலி பிளூகர். பின்னாளில் மார்ஷல் ஆன அவர், ஸ்தாலின் காலக் களையெடுப்பில் கைதாகி, 1938 நவம்பரில் மாஸ்கோவின் லெஃபோர்த்தவோ சிறையில் இறந்தார். 1956இல்தான் அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன. சோவியத் விருதுகளின் வரலாறு தொடங்கும் இடத்திலேயே இப்படி ஒரு வாழ்க்கை இருப்பதை ஆய்வாளர் மறக்கக் கூடாது. ஒருவர் கைதானால் அவருடைய விருதுகளும் பறிக்கப்பட்டன. 1930களில் வழங்கப்பட்ட எண்களைத் தேடிப் போகிறவர்கள் இத்தகைய முடிவுகளை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். 1930 ஏப்ரலில் லெனின் விருதும் சிவப்பு நட்சத்திர விருதும் வந்தன. 1934இல் 'சோவியத் ஒன்றியத்தின் வீரர்' என்ற உயரிய பட்டம் ஏற்படுத்தப்பட்டது. பனிக்கடலில் மூழ்கிய செல்யூஸ்கின் கப்பலில் இருந்தவர்களை மீட்ட ஏழு விமானிகள் அதை முதலில் பெற்றார்கள். அப்பட்டத்துக்குரிய பொன் நட்சத்திரம் 1939இல்தான் உருவானது. சாதாரணப் படைவீரர்களுக்கு மிக நெருக்கமான இரு பதக்கங்கள், அதாவது தீரத்துக்கான பதக்கமும் போர்ச் சேவைக்கான பதக்கமும், 1938 அக்டோபரில் வந்தன.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இவை எல்லாமே அரிதானவை. போர் அந்த நிலையை அடியோடு மாற்றியது. சிவப்பு நட்சத்திர விருது மட்டும் போர்க்காலத்தில் சுமார் 20 லட்சம் முறையும், சோவியத் ஆட்சிக்காலம் முழுவதிலும் ஏறத்தாழ 38 லட்சம் முறையும் வழங்கப்பட்டது. தீரத்துக்கான பதக்கம் போர்க்காலத்தில் 40 லட்சத்துக்கும் மேல். இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் வெறும் தாராளம் அல்ல. விருது வழங்கும் அதிகாரம் படிப்படியாகக் கீழே இறக்கப்பட்டதுதான் காரணம். போரின் முதல் மாதங்களில் ஒவ்வொரு பரிந்துரையும் மாஸ்கோவில் உள்ள, நாட்டின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக் குழுவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்த 1941இல், பரிந்துரை மேலே போய்ச் சேர்வதற்குள் பரிந்துரைத்தவரும் பரிந்துரைக்கப்பட்டவரும் உயிரோடு இல்லாமல் போவது வழக்கமாக இருந்தது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் போர்முனைகளின் ராணுவக் குழுக்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. 1942 நவம்பரில் அது படை, டிவிஷன், ரெஜிமென்ட் தளபதிகள் வரை விரிந்தது. ரெஜிமென்ட் தளபதி பதக்கங்களையும், டிவிஷன் தளபதி சிவப்பு நட்சத்திர விருதையும், பின்னர், 1943இல் சிப்பாய்களுக்கென வந்த புகழ் விருதின் மூன்றாம் வகுப்பையும் தாமே வழங்கலாம் என்றானது.

இந்த ஏற்பாடு ஆய்வாளருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, தேதி. 1941இல் ஒரு காலாட்படை வீரர் பெற்ற தீரப் பதக்கமும் 1945இல் இன்னொருவர் பெற்ற அதே பதக்கமும் உலோகத்தில் ஒன்றுதான். ஆனால் முதலாவது, விருதுகள் மிகக் குறைவாக வழங்கப்பட்ட, தோல்விகள் சூழ்ந்த ஒரு காலத்தின் சான்று. முன்னாள் படைவீரர்களே இவ்விரண்டையும் ஒன்றாக மதிக்கவில்லை. இரண்டாவது, கையொப்பம். விருதை வழங்கியது ரெஜிமென்ட் தளபதியா, டிவிஷன் தளபதியா, தலைமைக் குழுவா என்பதைப் பொறுத்து, காப்பகத்தில் கிடைக்கக்கூடிய ஆவணத்தின் நீளமே மாறிவிடுகிறது. ரெஜிமென்ட் அளவில் வழங்கப்பட்ட பதக்கங்களுக்குப் பெரும்பாலும் தனிப் பரிந்துரைத் தாள் இல்லை. தளபதியின் உத்தரவில் முப்பது நாற்பது பேரின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்றிரண்டு வரிகளில், இன்ன தேதியில், இன்ன கிராமத்துக்கு அருகே, அறுந்த தொலைபேசிக் கம்பியைக் குண்டுமழைக்கு நடுவே இணைத்தார் என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கும். அவ்வளவுதான்.

உயர் விருதுகளுக்கான பரிந்துரைத் தாள் அப்படியல்ல. அதைச் சற்று நிதானமாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் இந்த ஆய்வின் உயிர்நாடியே அதுதான். முதல் பக்கத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர், தந்தைவழிப் பெயர், படைத்தகுதி, பொறுப்பு, படைப்பிரிவு, எந்த விருதுக்குப் பரிந்துரைக்கப்படுகிறார் என்ற விவரம் ஆகியவை இருக்கும். அதன்பின் வரிசை எண்ணிட்ட கேள்விகள்: பிறந்த ஆண்டு, இனம், கட்சி உறுப்பினரா, உள்நாட்டுப் போரிலும் பிற சண்டைகளிலும் எப்போது எங்கே பங்கேற்றார், காயம்பட்டாரா, எப்போது செம்படையில் சேர்ந்தார், எந்த ஆள்சேர்ப்பு அலுவலகம் அழைத்தது, முன்பு என்ன விருதுகள் பெற்றார், வீட்டு முகவரி என்ன. பல தாள்களில் இந்த முகவரிக் கட்டம்தான் மனத்தைத் தைக்கிறது. ஊர் எதிரியின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது எழுதப்பட்ட தாளில், அங்கே குடும்பத்தின் கதி தெரியாது என்று எழுத்தர் குறித்திருப்பார். அல்லது கட்டமே காலியாக விடப்பட்டிருக்கும்.

இதையடுத்து 'தனிப்பட்ட போர்ச் சாதனையின் சுருக்கமான, திட்டவட்டமான விவரம்' என்ற தலைப்பின் கீழ் நடந்ததைத் தட்டச்சிலோ கையெழுத்திலோ எழுதியிருப்பார்கள். அதற்கும் கீழே மேலதிகாரிகளின் முடிவுரைகள் வரிசையாக ஏறிச் செல்லும். பட்டாலியன் தளபதி எழுதியதை ரெஜிமென்ட் தளபதி ஆமோதிப்பார். டிவிஷன் தளபதி ஒரு படி குறைத்துவிடுவார். படைத் தளபதி மீண்டும் உயர்த்தவும் கூடும். செங்கொடி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, இறுதியில் சிவப்பு நட்சத்திரம் பெற்றவர்கள் ஏராளம். ஆகவே 'பரிந்துரைக்கப்படுகிறார்' என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. கடைசிக் கையொப்பத்தையும், விருதை உறுதிசெய்த உத்தரவின் எண்ணையும் தேதியையும் பார்த்த பிறகே ஒருவர் என்ன பெற்றார் என்று சொல்ல முடியும். எனினும் குறைக்கப்பட்ட பரிந்துரை வரலாற்றில் பயனற்றது அல்ல. உடனிருந்து பார்த்த தளபதி அந்தச் செயலை எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை.

விருதின் சட்டவிதிகளையும் அருகில் வைத்துக்கொண்டு படித்தால்தான் சில வாக்கியங்களின் பொருள் விளங்கும். 1942 மே மாதம் நிறுவப்பட்ட தேசபக்தப் போர் விருது, எந்தச் செயலுக்கு எந்த வகுப்பு என்று எண்ணிக்கையோடு வரையறுத்த முதல் சோவியத் விருது. துல்லியமான சூட்டில் இரண்டு கனரக அல்லது நடுத்தர டாங்கிகளை, அல்லது மூன்று இலகு ரக டாங்கிகளைத் தனியொருவராக அழித்தவர் முதல் வகுப்புக்கு உரியவர் என்று அதன் விதி கூறியது. எனவே ஒரு பீரங்கி வீரரின் தாளில் டாங்கிகளின் எண்ணிக்கை வரையறைக்கு மிகச் சரியாகப் பொருந்தி நிற்கும்போது, எழுத்தர் விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கக் கூடும் என்ற எச்சரிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே தேதியில் அதே டிவிஷன் எழுதிய போர் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பரிந்துரைத் தாளில் ஒரு முக்கியமான குறை உண்டு. அது எழுதப்படும்போது விருது இன்னும் வழங்கப்படவில்லை என்பதால், பொருளின் தொடர் எண் அதில் இருக்காது. எண்ணையும் ஆளையும் சேர்த்துவைப்பவை வேறு இரண்டு ஆவணங்கள். முதலாவது, விருதாளரிடம் கொடுக்கப்பட்ட விருதுப் புத்தகம். அவருடைய புகைப்படமும், பெற்ற விருதுகள் ஒவ்வொன்றின் எண்ணும் அதில் இருக்கும். இரண்டாவது, அதே விவரங்களோடு அரசு வைத்துக்கொண்ட பதிவு அட்டை. எண்ணை இவ்வளவு கவனமாகக் கணக்கில் வைத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. விருதுகளோடு மாதாந்தரப் பணமும் வந்தது: செங்கொடிக்கு 20 ரூபிள், சிவப்பு நட்சத்திரத்துக்கு 15, தீரப் பதக்கத்துக்கு 10, போர்ச் சேவைப் பதக்கத்துக்கு 5. டிராமில் இலவசப் பயணம் போன்ற சலுகைகளும் இருந்தன. ஒவ்வொரு எண்ணும் கருவூலத்தின் மீது ஓர் உரிமை என்பதால் அது பதிவேட்டில் ஏறியே ஆக வேண்டும். 1948 ஜனவரி 1 முதல் இந்தப் பணம் நிறுத்தப்பட்டது. வெற்றி நாளான மே 9ஐ வேலைநாளாக அறிவித்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். அது மீண்டும் விடுமுறை நாளானது 1965இல். இடைப்பட்ட அந்தப் பதினேழு ஆண்டுகளில் பலர் விருதுகளை அணிவதையே விட்டுவிட்டார்கள்.

எல்லாப் பொருளிலும் எண் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லெனின்கிராது, ஒதெஸ்ஸா, செவஸ்தபோல், ஸ்தாலின்கிராது நகரங்களின் பாதுகாப்புக்கான பதக்கங்களிலும், ஒன்றரைக் கோடிப் பேர் வரை பெற்ற 'ஜெர்மனி மீதான வெற்றிக்கான' பதக்கத்திலும் எண் பொறிக்கப்படவில்லை. தீரப் பதக்கத்திலும் போர்ச் சேவைப் பதக்கத்திலும்கூடப் போருக்குப் பின் எண் பொறிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. எண்ணில்லாத பதக்கம் சான்றிதழோடு வந்தால் அதற்குப் பெயர் உண்டு. தனியாக வந்தால் அதன் ஆளைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. யாராவது கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இனி, எண்ணுள்ள விருதிலேயே ஏமாற்றம் தரக்கூடிய இடங்களைப் பார்ப்போம். மிகப் பெரியது, 1944 ஜூனில் வந்த ஓர் ஆணை. அதன்படி பத்தாண்டுச் சேவைக்குப் போர்ச் சேவைப் பதக்கம், பதினைந்து ஆண்டுகளுக்குச் சிவப்பு நட்சத்திரம், இருபதுக்குச் செங்கொடி, இருபத்தைந்துக்கு லெனின் விருது என்று, போர்க்களச் செயலுக்காக உருவான விருதுகளே சேவைக்காலத்துக்கும் வழங்கப்பட்டன. 1957 செப்டம்பரில்தான் இந்த முறை நின்றது. அதனால் 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் வழங்கப்பட்ட ஏராளமான சிவப்பு நட்சத்திரங்களுக்குப் பின்னால் எந்தச் சண்டையும் இல்லை. அலுவலகத்தில் பணியாற்றிய அதிகாரியின் ஆண்டுக் கணக்கு மட்டுமே உண்டு. லெனின் விருது ஒன்று கையில் கிடைத்தால் அது போர்முனைக்கு உரியதா, தொழிற்சாலைக்கு உரியதா, சேவைக்காலத்துக்கு உரியதா என்பதை அந்தப் பொருள் சொல்லாது. அதேபோல 1985 மார்ச்சில், வெற்றியின் 40ஆம் ஆண்டையொட்டி, உயிரோடிருந்த போர்வீரர்களுக்கு எல்லாம் தேசபக்தப் போர் விருது வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் தங்கத்தாலும் வெள்ளியாலும் பல துண்டுகளாகச் செய்யப்பட்ட அதே விருது, இம்முறை முலாம் பூசிய ஒற்றை வார்ப்பாக லட்சக்கணக்கில் வெளிவந்தது. அதுவும் மதிப்புக்குரியதே. ஆனால் அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு போர்க்களக் கதை தேடினால் கிடைக்காது.

புகழ் விருது தனி வகை. 1943 நவம்பரில் நிறுவப்பட்ட இது சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும், விமானப்படையில் இளநிலை லெப்டினன்ட்களுக்கும் உரியது. மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்ற வரிசையில்தான் பெற வேண்டும். மூன்றாம் வகுப்பைச் சுமார் 10 லட்சம் பேர் பெற்றார்கள். மூன்றையும் பெற்றவர்கள் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர். மருத்துவமனையிலிருந்து வேறு படைப்பிரிவுக்குப் போன வீரரின் பழைய விருது புதிய தளபதிக்குத் தெரியாததால், மூன்றாம் வகுப்பையே இரண்டு முறை பெற்றவர்களும் உண்டு. பின்னர் பதிவேடுகளை ஒப்பிட்டு உயர்ந்த வகுப்பாக மாற்றித் தந்தார்கள். அந்த மாற்றம் சில சமயம் பல ஆண்டுகள் கழித்து நடந்தது. ஆகவே ஒருவரது அட்டையில் உள்ள எண்ணும், அவர் போரில் அணிந்திருந்த பொருளின் எண்ணும் வேறுபடலாம். 1945 ஜனவரி 14 அன்று போலந்தின் விஸ்துலா ஆற்றங்கரையில் 215ஆம் காவல்படை ('கார்டு' என்ற சிறப்புப் பெயர் பெற்ற) ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் எதிரியின் அரண்களை உடைத்தபோது, அந்தத் தாக்குதலில் பங்கேற்ற சிப்பாய்கள், சார்ஜென்ட்கள் அனைவருக்கும் புகழ் விருது கிடைத்தது. அந்த ஒரு நாளுக்குரிய எண்ணை வைத்திருப்பவர், தனிமனிதச் செயல் ஒன்றைவிட ஒரு பட்டாலியனின் காலைப்பொழுதைத்தான் ஆராய வேண்டும்.

ஆவணம் கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று எண்ணுவது இந்தத் துறையில் உள்ள பெரிய ஆபத்து. மாஸ்கோவுக்கு அருகே துபசேகவோ ரயில் நிலையத்தில் 1941 நவம்பர் 16 அன்று ஜெனரல் பான்ஃபிலவின் டிவிஷனைச் சேர்ந்த 28 பேர் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தி, அனைவரும் உயிரிழந்ததாகச் 'செவ்விண்மீன்' என்ற ராணுவ நாளிதழ் எழுதியது. 1942 ஜூலையில் 28 பேருக்கும் மரணத்துக்குப் பிந்தைய 'வீரர்' பட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களில் சிலர் உயிரோடிருந்தார்கள். இவான் தப்ரபாபின் என்பவர் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டு, அவர்களுடைய உள்ளூர்க் காவல் பணியில் சேர்ந்திருந்தார். போருக்குப் பின் அவர் கைதானபோது விசாரணை தொடங்கியது. செய்தித்தாளில் வந்தபடி அந்தச் சம்பவம் நடக்கவில்லை, அது எழுத்தாளர்களின் கற்பனை என்று ராணுவ அரசு வழக்குரைஞரின் அறிக்கை 1948இல் முடிவு செய்தது. அந்த அறிக்கையை ரஷ்யக் கூட்டரசின் அரசு ஆவணக் காப்பகம் 2015இல் வெளியிட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. பான்ஃபிலவ் டிவிஷன் அந்தச் சாலையில் கடுமையாகப் போரிட்டு ஏராளமானோரை இழந்தது என்பதில் ஐயமில்லை. ஐயத்துக்குரியது, 28 பேரின் பெயர்களைத் தாங்கிய அந்த ஆணையின் கதை மட்டுமே. ஒரு விருதாணை முழுமையாக, முறையாக, முத்திரையோடு இருந்தும் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை.

மறுபுறம், செயல் உண்மையாக இருந்தும் விருது வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். எஸ்-13 நீர்மூழ்கியின் தளபதி அலெக்சாண்டர் மரினெஸ்கோ 1945 ஜனவரி 30 அன்று 'வில்ஹெல்ம் குஸ்த்லோஃப்' கப்பலை மூழ்கடித்தார். அதில் ஆயிரக்கணக்கான அகதிகளும் இறந்தார்கள் என்பதால் அச்செயல் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. அவருக்கு 'வீரர்' பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. ஒழுங்குமீறல்களைக் காரணம் காட்டிச் செங்கொடியாகக் குறைக்கப்பட்டது. 1963இல் அவர் இறந்தார். பட்டம் வந்தது 1990 மே மாதத்தில். அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொருவர் போர் விமானி லிதியா லித்வியாக். 1943 ஆகஸ்ட் 1 அன்று காணாமல் போன அவர் எதிரியிடம் சிறைப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகமே போதுமானதாக இருந்தது, பட்டத்தைப் பல பத்தாண்டுகள் நிறுத்திவைக்க. 'காணாமல் போனார்' என்ற ஒரு சொற்றொடர் சோவியத் ஆவணங்களில் எவ்வளவு பாரமானது என்பதை உணராதவர், இந்தத் தாள்களின் மௌனத்தைத் தவறாகப் படித்துவிடுவார்.

ஆய்வின் கருவிகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டன. இறந்தோர், காணாமல் போனோர் ஆவணங்களுக்கான 'மெமோரியல்' தரவுத்தளத்தை ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 2007இல் திறந்தது. 2010இல் வந்த 'போத்விக் நரோதா' தரவுத்தளம் விருது ஆணைகளையும் பரிந்துரைத் தாள்களையும் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளாக, மூலத் தாளின் படங்களோடு இலவசமாகத் தந்தது. 2015இல் வந்த 'பாமியத் நரோதா' இவற்றைப் போர் நாட்குறிப்புகளோடும் வரைபடங்களோடும் இணைத்தது. ஆனால் இவை பெயரிலிருந்து தேடுவதற்கு உரியவை. எண்ணிலிருந்து பெயருக்குப் போவதற்குக் காப்பகத்தின் பதிவு அட்டைகளே பெரும்பாலும் துணை. பெயரிலிருந்து தேடுவதும் எளிதல்ல. உஸ்பெக், கசாக், ஜார்ஜிய, தாத்தார் பெயர்களை ரஷ்ய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று எழுத்துக்கூட்டல்களில் இருப்பார், சில சமயம் தந்தைவழிப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். பிறந்த ஆண்டு, அழைத்த ஆள்சேர்ப்பு அலுவலகம், படைப்பிரிவு ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் ஒருவரையே பார்க்கிறோம் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

பொருளையும் படிக்கத் தெரிய வேண்டும். 1943 ஜூனில் அணியும் முறை மாறியது: முன்பு சிறிய செவ்வகத் தகட்டில் தொங்கிய பதக்கங்கள் ஐங்கோணத் தகட்டுக்கும் பட்டு நாடாவுக்கும் மாறின, திருகில் இருந்த லெனின் விருதும் செங்கொடியும் நாடாவுக்குப் போயின, தொங்கவிடப்பட்ட தேசபக்தப் போர் விருதோ திருகுக்கு வந்தது. ஆகவே அமைப்பே காலத்தைச் சொல்லும். தொலைந்ததற்கு ஈடாகத் தரப்பட்ட பிரதியில் எண்ணோடு 'டே' என்ற ரஷ்ய எழுத்து இருக்கும். முந்தைய எண்கள் கையுளியால் வெட்டப்பட்டவை; பிந்தையவை சுழலும் முனைக் கருவியால் எழுதப்பட்டவை. உருப்பெருக்கியில் இவ்விரண்டின் கோடுகளும் தெளிவாக வேறுபடும். நட்சத்திரத்தின் முனைகளில் எனாமல் உதிர்ந்து, பின்னர் பிசின் கொண்டு நிரப்பப்பட்டிருந்தால் அந்த இடம் நிறத்திலும் மினுக்கத்திலும் விலகி நிற்கும். மார்பில் குத்தாமல் இருக்கத் திருகின் நுனியைச் சொந்தக்காரரே அரத்தால் தேய்த்துக் குறைத்திருப்பதும் உண்டு. சந்தை அதைக் குறையாகக் கணக்கிடுகிறது. என் கணிப்பில் அது ஒரு மனிதர் அந்தப் பொருளை உண்மையில் அணிந்தார் என்பதற்கான நேரடித் தடயம். பழுது பார்க்காமல் அப்படியே விட வேண்டியது.

போலிகள் பெருகியதும் ஆய்வின் விளைவுதான். பெயரும் கதையும் தெரிந்த விருதுக்கு விலை பல மடங்கு கூடுகிறது என்பதால், சாதாரண விருதின் எண்ணை அரமிட்டு அழித்து, அறியப்பட்ட ஒருவரின் எண்ணைப் பொறிக்கிறார்கள். அழித்த இடத்தில் வெள்ளியின் கனம் குறைந்திருக்கும். பக்கத்தில் உள்ள முத்திரையின் எழுத்துகளும் மழுங்கியிருக்கும். இதைவிட வருத்தம் தருவது, உண்மையான தொகுதிகள் சிதைவது. 1977 வரை, விருதாளர் இறந்தால் தேசபக்தப் போர் விருதைத் தவிர மற்ற விருதுகளைக் குடும்பம் அரசிடம் திருப்பித் தர வேண்டும் என்பதே பொது விதி. அதன்பின்தான் அவை வீடுகளில் தங்கின. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, விலைவாசி மக்களின் சேமிப்பை விழுங்கியபோது, மாஸ்கோவின் அர்பாத் தெருவிலும் இஸ்மாய்லவோ சந்தையிலும் அவை கம்பளத் துணிகளின் மேல் பரப்பி விற்கப்பட்டன. வியாபாரிகள் விலைபோகும் விருதைத் தனியே எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்கள். புகைப்படம் ஒரு நாட்டுக்கும் பதக்கம் இன்னொரு நாட்டுக்கும் போயின.

ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 324ஆவது பிரிவு சோவியத் அரசு விருதுகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் கசப்பான அனுபவம் உண்டு. போரில் நவரஸீஸ்க் கடற்படைத் தளத்துக்குத் தலைமை தாங்கிய வைஸ் அட்மிரல் கியோர்கி ஹலஸ்தியாகவும் அவருடைய மனைவியும் 1983 ஜூலையில் மாஸ்கோவில் தங்கள் வீட்டிலேயே, விருதுகளைத் திருட வந்தவர்களால் கொல்லப்பட்டார்கள். லெனின் விருதில் தங்கமும் பிளாட்டினமும் இருந்தன; பொன் நட்சத்திரம் பொன்னால் ஆனது; முதிய வீரர்களின் வீடுகள் திருடர்களின் இலக்காக இருந்தன. வேறு பல நாடுகளில் இந்த வணிகம் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனாலும் ஒரு விருது வாங்கும் முன், அது எங்கிருந்து எப்படி வந்தது என்று கேட்பது சேகரிப்பவரின் அடிப்படைக் கடமை என்றே நான் கருதுகிறேன். எண்ணைத் தேடிப் போய், அது திருடப்பட்டது என்று தெரியவந்தால், அந்தத் தகவலை மறைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

நமக்கு நெருக்கமான ஒரு பதிவும் இந்த ஆவணங்களில் உண்டு. நேச நாடுகள் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பிய உதவிப் பொருள்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் இறங்கி ஈரான் வழியே வடக்கே சென்றது. அந்த மலைச்சாலைகளில் லாரி ஓட்டியவர்களில் அன்றைய இந்திய ராணுவத்தின் சேவைப்படைப் பிரிவினரும் இருந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண் ராவ் நிக்கமும், இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங்கும் 1944இல் சிவப்பு நட்சத்திர விருது பெற்றார்கள். வெற்றியின் 75ஆம் ஆண்டான 2020இல் அவர்களுடைய பெயர்கள் மீண்டும் செய்திகளில் இடம்பெற்றன. இவர்களைப் போன்ற அயல்நாட்டுப் படையினரின் விருதை ரெஜிமென்ட் தளபதி முடிவு செய்ய முடியாது. அது மாஸ்கோவின் தலைமைக் குழு ஆணைக்கு உரியது. எனவே இத்தகைய விருதுகளைத் தேடுகிறவர் செம்படையின் கோப்புகளோடு நில்லாமல், தலைமைக் குழுவின் ஆவணங்களையும் இந்திய ராணுவப் பதிவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

சிதைந்த தொகுதிகளை மீண்டும் சேர்க்க உதவுவதும் அதே பதிவு அட்டைதான். ஒருவர் வாங்கிய ஒற்றைச் சிவப்பு நட்சத்திரத்தின் எண்ணை வைத்து அட்டையை எடுத்தால், அந்த வீரர் பெற்ற மற்ற விருதுகளின் எண்களும் அதில் இருக்கும். அவற்றைக் குறித்துவைத்து, ஏலப் பட்டியல்களிலும் சேகரிப்பாளர்களின் பட்டியல்களிலும் பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்து, வெவ்வேறு நாடுகளில் இருந்த இரண்டு மூன்று விருதுகளை மறுபடி ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்காகவே பல சேகரிப்பாளர்கள் தங்களிடம் உள்ள எண்களை வெளிப்படையாகப் பகிர்கிறார்கள். விற்கும் எண்ணம் இல்லாதவரும் தன் பட்டியலை வெளியிட்டால், இன்னொருவரிடம் உள்ள புத்தகத்தின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்ணுக்குரிய பொருள் எங்கே இருக்கிறது என்பதாவது தெரியவரும். தாத்தாவின் விருதைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்குப் பல சமயங்களில் அந்தத் தகவலும் அதன் புகைப்படமுமே கிடைக்கக்கூடிய அனைத்தும்.